நாயக்கும் நாயகரும்: ஓர் அணிந்துரைக்கு மறுப்புரை

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் இளைஞர் ஒருவர் மதரஸாவுக்கு வந்து ஸலாம் உரைத்து அமர்ந்தார். கணினியில் அச்செடுத்த தாள்க் கட்டு ஒன்று அவர் கையில் இருந்தது. தம் தங்கையின் நிகாஹ் அன்று சுற்றத்தாருக்கு வழங்குவதற்காகத் தம் குடும்ப வரலாற்றை எழுதி முடித்திருப்பதாகவும், அதற்கு நான் அணிந்துரை தரவேண்டுமெனவும் கேட்டுக்கொண்டார். முதல் அத்தியாயத்தைப் புரட்டினேன். அக்குடும்பத்தின் மூதாதை, மதுரையை ஆண்ட கான்சாகிபின் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவர் என்று எழுதப்பட்டிருந்தது.

“இதற்குச் சான்று என்ன, தம்பி?” என்று கேட்டேன்.

“ஹஜ்ரத், நீங்கள் எழுதியதுதானே!” என்றார் அவர், சற்று வியப்புடன்.

அவர் கூறியது உண்மையே. 1998ஆம் ஆண்டு இந்த இளைஞரின் பாட்டனார் சிறு நூலொன்றை வெளியிட்டார். அப்போது நான் ஓதிக்கொடுக்கும் பணியில் புதிதாக அமர்ந்திருந்தேன். அப்பெரியவர் ஊரில் மதிப்புக்குரியவர். என்னிடம் அன்பு கொண்டவர். அவர் கேட்டார் என்பதற்காக இரண்டு பக்க அணிந்துரை எழுதிக் கொடுத்தேன். கான்சாகிபின் படையை நடத்திச் சென்ற வீரரின் வழித்தோன்றல்கள் என்று அக்குடும்பத்தாரைப் பாராட்டி, இது வரலாற்று உண்மை என்றும் அதில் முத்திரை குத்தியிருந்தேன். நூலாசிரியர் எதைக் கொண்டு அப்படி எழுதினார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று அவர் இவ்வுலகில் இல்லை; அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக. அவருடைய பேரர் அந்த நூலையும் சான்றாகக் கொள்ளவில்லை. என் அணிந்துரையையே சான்றாகக் கொண்டுவிட்டார்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராயும் முறையை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பித்து வருபவன் நான். இன்னார் இன்னாரைச் சந்தித்தாரா, அவர் காலமும் இவர் காலமும் ஒத்துவருமா, கேட்டதைக் கேட்டபடி சொல்பவரா என்றெல்லாம் கேட்கும்படி அவர்களைப் பழக்குகிறேன். அக்கேள்விகளில் ஒன்றையேனும் அந்நூலைப் பார்த்து நான் கேட்கவில்லை. தொடர் அறுந்த ஒரு செய்திக்கு நானே ஓர் அறிவிப்பாளனாகி நின்றேன். ஆகவே இக்கட்டுரை அந்த நூலின் மீதான திறனாய்வு மட்டுமன்று. அதற்கு நான் எழுதிய அணிந்துரையின் மீதான திறனாய்வும் ஆகும்.

கான்சாகிபு: பத்திரமும் பாடலும்

நம் சமுதாயத்தில் படைவீரர் ஒருவரை மூதாதையாகக் கொண்டாடும் குடும்பங்கள் பல. இது வியப்பன்று. இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரன் என்னும் பொருளுடையது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே அச்சொல்லால் விளித்திருக்கிறார் என்றால், குதிரைச் சேவகத்துக்கு அந்நாளில் இருந்த மதிப்பை உணரலாம். சுபேதார், ஜமேதார் என்னும் படைப் பதவிப் பெயர்கள் வீட்டுப் பெயர்களாகவே நிலைத்துவிட்ட ஊர்களும் உண்டு. ஆயினும் பெயர் தொழிலைக் காட்டும், ஆளைக் காட்டாது. எந்தப் படை, எந்தக் காலம், எந்தப் பதவி என்பவற்றைப் பெயரிலிருந்து மட்டும் எடுத்துவிட இயலாது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்குப் பெரும்பாலோர் நாடும் பெயர் கான்சாகிபு என்பதாகவே இருக்கிறது.

கான்சாகிபு என மக்கள் வழங்கும் முஹம்மது யூசுப் கான் பற்றிப் பத்திரங்கள் கூறுவன தெளிவானவை. 1752ஆம் ஆண்டையொட்டிய திருச்சிராப்பள்ளிப் போர்களில் கம்பெனிச் சிப்பாய்களின் தலைவராக அவர் புகழ்பெற்றார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியே நின்று அவர்களுடைய தளவாட வழிகளைத் தாக்கினார். பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்றார். 1763இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலிக்கும் கம்பெனிக்கும் எதிராக எழுந்தார். மதுரைக் கோட்டை நெடுநாள் முற்றுகையைத் தாங்கியது. இறுதியில் உடனிருந்தோராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள், ஹிஜ்ரி 1178இல், தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலத்தின் மீது 1808இல் பள்ளிவாசல் எழுந்தது. இன்றும் மக்கள் அங்கே சென்று வருகின்றனர்.

இவ்வளவு விரிவாக அறியப்பட்ட ஒருவரின் தந்தை பெயர் என்ன? பத்திரங்களில் அதற்கு விடை இல்லை. கம்பெனியின் போர்களை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் அவரை முஹம்மது இஸ்ஸூப் என்று திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். ஆனால் அவருடைய வீரத்தைப் பற்றி எழுதிய அளவுக்குப் பிறப்பைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. எஸ். சி. ஹில் 1914இல் யூசுப் கானைப் பற்றித் தனி நூலே எழுதினார். போர் நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது கடிதங்களையும் ஆலோசனைக் குறிப்புகளையும் அடுக்கிச் செல்லும் அந்நூல், பிறப்பைச் சொல்லும்போது மட்டும் வழக்காற்றின் துணையை நாடுகிறது. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்தார், இளமையில் வீட்டை விட்டு வெளியேறினார், பிறகு இஸ்லாத்தைத் தழுவினார் என்பது அவ்வழக்காறு. மருதநாயகம் பிள்ளை என்னும் பெயர் இவ்வழியில் வந்ததே. 1765இல் ஸ்காட்லாந்து நாட்டு இதழொன்றில் வெளியான கடிதமோ அவரைப் பழைய அரசகுலத்தின் வழிவந்தவர் என்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் அரிது.

ஈண்டு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கடிதம் அவர் வீழ்ந்த காலத்தை ஒட்டியது. காலத்தால் அண்மையானது என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளலாமா? அண்மை என்பது ஒரு தகுதியே. அறிந்திருத்தல் வேறு தகுதி. முற்றுகையிட்ட முகாமில் இருந்தவருக்கு மதுரைக் கோட்டையின் மதில் உயரம் தெரிந்திருக்கும். உள்ளே இருந்தவரின் பாட்டன் யாரென்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தம்மை நெடுநாள் தடுத்து நிறுத்திய எதிரி சாதாரண மனிதன் அல்லன் என்று கருதுவதில் போரிட்டவர்களுக்கும் ஓர் ஆறுதல் உண்டு.

இனிப் பாடல். கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அச்சில் ஏறாமல் அழிந்திருக்கக்கூடிய ஒரு செல்வத்தை அப்பதிப்பு காத்தது. கம்பெனியின் கடிதங்களில் கலகக்காரர் எனக் குறிக்கப்படுபவர் மக்கள் நாவில் கான்சாகிபாகவே வாழ்ந்தார் என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் கதைப்பாடல் என்பது கேட்போர் கூட்டத்தின் முன் பாடப்படுவது. பெருமிதத்தையும் இரக்கத்தையும் எழுப்புவது அதன் பணி. ஒரு வீரனின் சாவை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்று கேட்டால் அது சொல்லும். குதிரைப்படையில் இன்னார் இருந்தாரா என்று கேட்டால் அதற்கு விடை சொல்லும் கடமை அதற்கு இல்லை. பாடலைப் பட்டாளப் பெயர்ப்பதிவேடாகப் படிப்பது பாடலுக்கும் தீங்கு, வரலாற்றுக்கும் தீங்கு.

கான்சாகிபின் மனைவி மாசா என்றும், அவர்களுக்குச் சிறு மகன் ஒருவன் இருந்தான் என்றும் மரபு கூறுகிறது. தந்தை வீழ்ந்தபின் அவர்கள் கதை பத்திரத்தின் வெளிச்சத்திலிருந்து விலகிவிடுகிறது. அந்த இருளில்தான் பிற்காலக் குடும்பங்கள் பலவும் விளக்கேற்ற முயல்கின்றன. அவரைத் தூக்கிலிட்ட நவாபின் நிலை இதற்கு நேர்மாறானது. வாலாஜா குடும்பத்தார் தம் வமிசத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வரை கொண்டு செல்வர். அவர்களுடைய அவையில் புர்ஹான் இப்னு ஹஸன் பாரசீகத்தில் எழுதிய துஸகே வாலாஜாஹி என்னும் வரலாற்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முஹம்மது ஹுசைன் நயினார் 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அரசு உடையவருக்கு எழுதுகோல் உடையவர் கிடைப்பர். சிப்பாய்க்கு யார் எழுதுவார்? இந்தக் கேள்வியை மனத்தில் இருத்தியே நம் வீட்டுக் கதைகளை அணுகவேண்டும்.

தலைமுறைக் கணக்கு

1998ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். அதன் ஆசிரியர் 1940இல் பிறந்தவர். கான்சாகிபின் படைத்தலைவர் என்று அவர் குறிப்பிடும் மூதாதை, அவருடைய பாட்டனாரின் பாட்டனார். இடையிலுள்ள பெயர்கள் அனைத்தும் நூலில் உள்ளன. விடுபட்டதாக எவரும் கூறவில்லை.

இப்னு கல்தூன் (ஹி. 732-808) தம் முகத்திமாவில் ஓர் எளிய அளவுகோலைத் தருகிறார். வமிசப் பட்டியல் ஒன்றில் ஐயம் எழுந்தால் நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை எனக் கணக்கிட்டுப் பார். பெயர்களின் எண்ணிக்கையும் ஆண்டுகளும் ஒத்துவந்தால் ஏற்கலாம், ஒத்துவராவிட்டால் எங்கோ பிழையுண்டு என்பது அதன் சாரம். இதை மாணவர்களுக்கு விளக்கும்போது அப்பாஸியரையும் பெர்பர்களையும் எடுத்துக்காட்டுவோமேயன்றி, நம் தெருவுக்கு அதைக் கொண்டுவருவதில்லை.

கொண்டுவந்து பார்ப்போம். 1940இலிருந்து நான்கு தலைமுறை மேலே செல்லவேண்டும். தலைமுறைக்கு 33 ஆண்டுகள் எனக் கொண்டால் அம்மூதாதை ஏறத்தாழ 1807இல் பிறந்திருப்பார். கான்சாகிபு தூக்கிலிடப்பட்டுக் 43 ஆண்டுகள் கழிந்த பின்! தலைமுறைக்கு 40 ஆண்டுகள் என்று தாராளமாக அளித்தாலும் 1780க்கு மேலே போகமுடியாது. அப்போதும் 16 ஆண்டுகள் குறைகின்றன. இந்தக் கூட்டல் கழித்தலுக்கு அரபு இலக்கணமும் வேண்டா, பாரசீகமும் வேண்டா. தொடக்கப்பள்ளிக் கணக்கே போதும். அணிந்துரை எழுதிய இரவில் நான் அதைச் செய்யவில்லை.

இதே இப்னு கல்தூன் தம் நூலின் முகப்பிலேயே, பழைய வரலாற்றாசிரியர்கள் படைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டிய குற்றத்தை எடுத்துரைக்கிறார். இத்தனை இலட்சம் வீரர் ஒரு களத்தில் அணிவகுக்க இடம் உண்டா, அவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கிறார். 1998ஆம் ஆண்டு நூல் அம்மூதாதையின் கீழ் ஆயிரம் குதிரைகள் இருந்தன என்கிறது. ஆயிரம் குதிரைக்கு அன்றாடம் எவ்வளவு கொள் வேண்டும் என்று ஒரு விவசாயி கேட்டிருப்பார். ஓதிப் படித்த நான் கேட்கவில்லை.

கிதாபின் கடைசி ஏடு

இளைஞரிடம் இக்கணக்கைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆயினும் அறிவுடைய பிள்ளை. “அப்படியென்றால் அந்தக் கதை எப்படி வந்தது, ஹஜ்ரத்?” என்றார். அதுவே சரியான கேள்வி. பொய் என்று தள்ளிவிடுவதோடு திறனாய்வு முடிவதில்லை. பிழை பிறந்த இடத்தையும் கண்டறிய வேண்டும். வீட்டில் பழைய கிதாபு ஏதேனும் உண்டா என்று கேட்டேன். மறுவாரம் அவர் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு நூலைக் கொண்டுவந்தார். நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு. அதன் கடைசி ஏட்டில், பழைய வழக்கப்படி, குடும்பத்தாரின் பிறப்பும் மௌத்தும் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டிருந்தன.

அவற்றுள் ஒரு வரி நம் மூதாதையைப் பற்றியது. அப்துல்லாஹ்வின் மகனாகிய அவர் நாயக்கு. ரங்கோன் சண்டையில் கால் ஊனப்பட்டவர். கும்பினியாரின் பென்சன் பெற்றவர். ஹிஜ்ரி 1281 ரஜபு மாதம் மௌத்தானவர். இவ்வளவே அதன் செய்தி.

ஹிஜ்ரி 1281 ரஜபு என்பது 1864 டிசம்பர். தலைமுறைக் கணக்குக் காட்டிய காலமும் இவ்வரி காட்டும் காலமும் அழகாகப் பொருந்துகின்றன.

நாயக்கு என்னும் சொல்லில்தான் கதை பிறந்திருக்கிறது. கம்பெனிப் படையில் சிப்பாய்க்கு மேலே நாயக், அதற்கு மேலே அவில்தார், பிறகு ஜமேதார், சுபேதார் எனப் படிகள் ஏறும். நாயக் என்பது சிப்பாய்க்கு அடுத்த முதற்படி. சில வீரர்களை மேற்பார்ப்பவர், அவ்வளவே. நூலாசிரியர் அச்சொல்லை நாயகர் என்று படித்தார், படைநாயகர் என்று விரித்தார், படைநாயகர் தளபதியானார், தளபதிக்கு ஆயிரம் குதிரைகள் வந்து சேர்ந்தன. ஓர் எழுத்து இடம் மாறியதில் ஒரு சேனையே எழுந்து நின்றுவிட்டது.

கான்சாகிபு எவ்வாறு நுழைந்தார்? கான்சாகிபு பட்டாளத்தில் எங்கள் அப்பா இருந்தார் என்று பாட்டி சொல்லக் கேட்டதாக நூல் கூறுகிறது. பாட்டி பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. கான் என்பது எத்தனையோ சுபேதார்களின் பெயரில் ஒட்டியிருந்தது. மரியாதையாக அழைக்கும்போது அவர் ஒவ்வொருவரும் கான் சாகிபே. பின்னாளில் ஆங்கில அரசு முஸ்லிம்களுக்கு வழங்கிய பட்டங்களிலும் கான் சாகிபு என்று ஒன்று இருந்தது. பாட்டி ஒரு கான் சாகிபைச் சொன்னார். பேரர் அந்தக் கான்சாகிபைக் கேட்டார்.

இந்த ஏட்டையும் ஐயுறாமல் ஏற்கலாகாது. ஹிஜ்ரி 447இல் பக்தாதில் நடந்த ஒரு நிகழ்ச்சி திறனாய்வாளர் அனைவருக்கும் பாடமாகும். கைபர் வாசிகளுக்கு வரிவிலக்கு அளித்து நபி (ஸல்) அவர்கள் எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் அமைச்சர் முன் வைக்கப்பட்டது. கதீப் அல்-பக்தாதி அதைப் பார்த்தவுடன் போலி என்றார். சாட்சிகளில் ஒருவர் முஆவியா; அவர் இஸ்லாத்தில் இணைந்ததோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். மற்றவர் ஸஅத் இப்னு முஆத்; அவர் ஹிஜ்ரி 5இலேயே வஃபாத்தாகிவிட்டார். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7இல். ஒருவர் இன்னும் வரவில்லை. ஒருவர் முன்பே போய்விட்டார். மையையும் தாளையும் பாராமலே காலத்தைக் கொண்டு அவர் அப்பொய்யை உடைத்தார்.

அவ்வுரைகல்லில் நம் ஏட்டையும் உரைத்துப் பார்த்தேன். 1864இல் கும்பினி ஆட்சி இல்லை. 1858இலேயே அரசியார் ஆட்சி வந்துவிட்டது. அவ்வாறிருக்கக் கும்பினியாரின் பென்சன் என்று எழுதியிருப்பது பிழையாகாதா? ஆகாது. பென்சன் அதற்கு முன்பே கிடைத்திருக்கலாம். மக்கள் வாயில் கும்பினி என்னும் சொல்லும் உடனே மறைந்துவிடவில்லை. ரங்கோன் சண்டை என்பதும் பொருந்துகிறது. சென்னைப் படையினர் பர்மாவுக்கு இருமுறை கடல் கடந்து சென்றனர். 1824 மே மாதம் ரங்கோனில் இறங்கி 1826 வரை நடந்த முதற்போரில், குண்டுக்கு இரையானவரைவிடக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரையானவரே மிகுதி. 1852 ஏப்ரலில் ரங்கோன் மீண்டும் தாக்கப்பட்டபோதும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தனர். முதற்போரின்போது நம் மூதாதைக்கு ஏறத்தாழ 17 வயது. அவ்வயதில் நாயக் ஆவது அரிது. எனவே 1852ஆம் ஆண்டுப் போரே பொருந்தும் எனக் கருதினேன். ஆயினும் அது கருத்தேயன்றிச் சான்று அன்று.

அப்போது அந்த இளைஞர் ஒன்றைச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளி வில்லை இருந்ததாக மாமி சொல்வார்கள். ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் ஒரு பெண் நின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு மாலை சூட்டுவது போன்ற உருவம் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தியப் போர்ச் சேவைக்காக 1854 முதல் வழங்கப்பட்ட பதக்கத்தின் உருவம் அதுவே. இரண்டாம் பர்மாப் போரில் ஈடுபட்டவர்களுக்குப் பெகு என்னும் பட்டயத்துடன் அது கிடைத்தது. அதன் விளிம்பில் பெற்றவரின் பெயரும் அவருடைய படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். படைப்பிரிவின் எண் தெரிந்துவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கதவு திறக்கும்; இலண்டனிலுள்ள இந்திய அலுவலகப் பதிவுகளின் கதவும் திறக்கும். எண் இல்லாமல் ஒரு சிப்பாயைத் தேடுவது மழைநீரில் ஒரு துளியைத் தேடுவது போன்றது.

“அது எங்கே?” என்று கேட்டேன்.

“இல்லை, ஹஜ்ரத். புத்தகம் வந்த பிறகு, கும்பினியை எதிர்த்துப் போரிட்டவர் வீட்டில் ராணி தலை எதற்கு என்று வாப்பா தட்டாரிடம் கொடுத்துவிட்டார்களாம். அக்காவுக்குக் கொலுசு செய்தார்கள்.”

சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை. நூறாண்டுக்கு மேலாக வறுமையிலும் விற்கப்படாமல் அந்த வீட்டில் காக்கப்பட்டிருந்த ஒரே சான்று, நான் உண்மை என்று முத்திரை குத்திய ஒரு பொய்யின் பொருட்டு உருக்கப்பட்டுவிட்டது. பொய்யான வரலாறு வெறும் தாளோடு நின்றுவிடும், எவருக்கும் கேடு செய்யாது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

அப்துல்லாஹ்வின் மகன்

புதிய கையெழுத்துப்படியில் மற்றொரு மாற்றமும் இருந்தது. கிதாபின் ஏட்டில் அப்துல்லாஹ்வின் மகன் என்றிருந்தது. 1998ஆம் ஆண்டு நூலில் அது அப்படியே இருந்தது. புதிய படியிலோ அப்துல்லாஹ் என்பவர் அரபு நாட்டிலிருந்து வந்த ஷெய்கு என்று விரிக்கப்பட்டு, அவருக்கு மேலே ஏழு பெயர்கள் ஏற்றப்பட்டிருந்தன. அந்த ஏழு பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இளைஞரிடம் விடை இல்லை. சம்பந்தம் பேசும் இடத்தில் வமிசம் கேட்கிறார்கள் என்று தலைகுனிந்து சொன்னார்.

வாசக அன்பர்களே, இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியவருக்குத் தந்தை பெயராக அப்துல்லாஹ் என்று எழுதுவது நெடுநாளைய வழக்கம் என்பதை நாம் அறிவோம். எல்லோரும் அல்லாஹ்வின் அடியார் புதல்வரே என்பது அதன் கருத்து. எனவே இம்மூதாதையே இஸ்லாத்தைத் தழுவிய முதல் மனிதராக இருந்திருக்கலாம். இருந்தே தீரவேண்டும் என்றும் நான் கூறவில்லை. அப்துல்லாஹ் என்பது எவரும் சூட்டிக்கொள்ளும் நற்பெயரும் ஆகும். ஆனால் அப்பெயருக்கு மேலே அறியாத எழுவரை ஏற்றி வைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

வமிசத்தை அறிவதால் பயன் இல்லை என்போரை இப்னு ஹஸ்ம் (ரஹ்) தம் அரபு வமிச நூலின் முன்னுரையில் மறுக்கிறார். உறவைப் பேணுவதற்கும், மணமுடிக்கத் தகாதவரை அறிவதற்கும், வாரிசுரிமைக்கும் அவ்வறிவு வேண்டும் என்பது அவர் கருத்து. உறவுகளைச் சேர்த்து வாழும் அளவுக்கு வமிசங்களை அறிந்துகொள்ளுமாறு நபிமொழியும் வழிகாட்டுகிறது. அறிந்துகொண்டே தன் தந்தையல்லாதவரைத் தந்தையெனச் சொல்வதைக் கடுமையாக எச்சரிப்பதும் நபிமொழியே. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். வமிசம் பிணைப்பதற்கு, பிரித்து உயர்த்துவதற்கு அன்று. இப்னு கல்தூனும் வமிசத்தின் பயன் அதனால் விளையும் பற்றுதலிலும் உதவியிலுமே உள்ளது என்று முடிக்கிறார்.

திருமறையின் அஹ்ஸாப் அத்தியாயம், மக்களை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது. தந்தையர் இன்னார் எனத் தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்றும் அது கூறுகிறது. தெரியாத இடத்தில் ஒரு பெயரை இட்டுக்கட்டச் சொல்லவில்லை. சகோதரர் என்னும் உறவைத் தந்து அவ்விடத்தை நிரப்புகிறது. தந்தை பெயர் தெரியாத ஒரு மனிதருக்கு இதைவிட உயர்ந்த வமிசத்தை எந்த அவைப் புலவரும் எழுதித் தர முடியாது.

கான்சாகிபையே நோக்குங்கள். அவர் வேளாளக் குடியில் பிறந்தாரா, அரசகுலமா என்பதில் இரு தரப்பாரும் இன்றுவரை வழக்காடுகின்றனர். அவரைத் தம்மவர் என்று கொண்டாடும் ஒருசாரார் யூசுப் கான் என்னும் பெயரைச் சுருக்குகின்றனர். மற்றொருசாரார் மருதநாயகம் என்னும் பெயரை மறைக்கின்றனர். அவர் மீனாட்சியம்மன் கோயிலின் மானியங்களை ஒழுங்கு செய்தார் என்பதைச் சிலர் விட்டுவிடுகின்றனர். கம்பெனியின் ஊழியராய் நின்று பூலித்தேவர் முதலான பாளையக்காரர்களை அடக்கினார் என்பதை வேறு சிலர் விட்டுவிடுகின்றனர். வெட்டி வெட்டி எடுத்தபின் மிஞ்சுவது அவரவர் விரும்பும் பொம்மை. கம்பெனிக்காகவும் போரிட்டு, கம்பெனியோடும் போரிட்டு, நண்பரால் பிடித்துக்கொடுக்கப்பட்டு மாண்ட அந்த முழு மனிதர் அங்கே இல்லை.

எழுதவேண்டிய வரலாறு

ஆகவே அந்த இளைஞரிடம் சொன்னேன்: தம்பி, உன் மூதாதை கான்சாகிபின் தளபதி அல்லர். கம்பெனிப் படையில் நாயக்காக இருந்தவர். அந்நியருக்காக, அந்நியரோடு, அந்நிய மண்ணில் போரிட்டவர். இது பெருமையா சிறுமையா என்று நீயும் நானும் இன்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டில் ஒரு வீட்டு அடுப்பு எரிவதற்காக அவர் பட்டாளத்தில் சேர்ந்திருக்கலாம். ஒரு காலை இழுத்துக்கொண்டு கடல் கடந்து திரும்பி வந்திருக்கிறார். மணம் புரிந்து மக்களைப் பெற்று, அவர்களுக்கு ஓத எழுதக் கற்பித்திருக்கிறார். கற்பித்ததனால்தான் அவர் மௌத்தை ஒரு பிள்ளை கிதாபின் ஏட்டில் எழுதி வைத்தது. நவாபுக்கு எழுத அவைப் புலவர் இருந்தார். உன் மூதாதைக்கு எழுத அவர் பெற்ற பிள்ளை இருந்தது. அந்த ஒரு வரியை நீ அழித்துவிடாதே.

குடும்ப வரலாறு எழுத முனைவோருக்கு என் அனுபவத்திலிருந்து கூறத்தக்கன சில. யார் சொல்லக் கேட்டது, அவர் யாரிடம் கேட்டார் என்பதை ஒவ்வொரு செய்தியோடும் எழுதுங்கள். தொடர் அறுந்த இடத்தில் அறுந்தது என்றே எழுதுங்கள். பெயர்களை எண்ணி ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். பழைய கிதாபுகளின் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் கிழியாமல் காத்துக்கொள்ளுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவர் அருகி வருகின்றனர். தெரிந்தவரைக் கொண்டு இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் விளங்காத பதக்கமோ தாளோ வீட்டில் இருந்தால், விளங்கும்வரை அதைத் தட்டாரிடமும் பழையதாள் கடையிலும் கொடுக்காதீர்கள். அணிந்துரை எழுதுவோருக்கும் ஒரு சொல்: மூலத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தாதீர்கள். அன்பின் பொருட்டு எழுதிய இரண்டு பக்கம் பின்னாளில் சாட்சியாய் நிற்கும்.

ஒரு மாதம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்தார். ஆயிரம் குதிரைகளும் ஏழு ஷெய்குகளும் நூலிலிருந்து நீங்கியிருந்தனர். முதல் அத்தியாயம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. அதன் தொடக்கத்தில் கிதாபின் ஏட்டைப் படமெடுத்து அச்சிட்டு, கீழே அந்த வரியை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருந்தார். உருக்கப்பட்ட வெள்ளி வில்லையைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். சம்பந்தி வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் புன்னகைத்தார். “அவர்கள் வீட்டுக் கிதாபின் கடைசி ஏட்டையும் உங்களிடம் காட்டவேண்டுமாம், ஹஜ்ரத்” என்றார். நிகாஹ் குறித்த நாளில் இனிதே நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்நூலுக்கு இம்முறையும் அணிந்துரை எழுதினேன். நான்கே வரிகள். 1998இல் நான் எழுதியது பிழை என்பது அதன் முதல் வரி.